செல்லப் பாம்பு வளர்ப்பு: மாற வேண்டியது தரையா, பழக்கமா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் பாம்பு வளர்க்கும் இளைஞர்களைச் சந்திப்பது இப்போது அரிதான ஒன்றல்ல. வாடகை வீட்டில் நாய் வளர்க்க இடம் இருக்காது. பூனைக்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்க மாட்டார். கண்ணாடித் தொட்டிக்குள் சத்தமின்றிச் சுருண்டு கிடக்கும் பாம்புக்கு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ இரை கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். படிப்பு, பகுதிநேர வேலை, பரீட்சை என்று ஓடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இது எளிதான பொறுப்பாகத் தோன்றுகிறது.

பாம்பு வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். தொட்டியின் தரையில் எதைப் பரப்புவது? தேங்காய் நார்த்தூள், மரச்சீவல் போன்ற உதிரிப் பொருள்களைப் பரப்பினால், பாம்பு இரையோடு சேர்த்து அதையும் விழுங்கி, குடல் அடைத்து இறந்துவிடும் என்று ஒரு சாரார் எச்சரிக்கிறார்கள். காட்டில் பாம்பு தட்டிலா சாப்பிடுகிறது, எதைப் பரப்பினாலும் ஒன்றும் ஆகாது என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள்.

இரண்டு பேச்சும் பாதி உண்மைதான். உதிரி விரிப்பால் ஆபத்து வரக்கூடும். ஆனால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி, நாம் இரையை எப்படி வைக்கிறோம், தொட்டியை எவ்வளவு வெப்பமாக வைத்திருக்கிறோம், சாப்பிட்ட பாம்பை எப்படி நடத்துகிறோம் என்பதிலிருந்தே வருகிறது. ஆகவே பாம்பிடமிருந்து அதன் படுக்கையைப் பறிப்பதற்கு முன்பு, நம் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம்

சிங்கப்பூர் வாசகர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே பாம்பைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பது சட்டப்படி குற்றம். மலேசியாவில் நிலைமை வேறு. தீபகற்பத்திலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை அதைக் கண்காணிக்கிறது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. எந்த இனத்துக்கு உரிமம் தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே துறையிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரரின் வாய்மொழி உங்களைக் காப்பாற்றாது. காட்டிலோ தோட்டத்திலோ பிடித்த பாம்பைத் தொட்டியில் அடைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பாம்பு எப்படி விழுங்குகிறது?

இங்கு அதிகம் விற்கப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று, ‘பால் பைத்தான்’ என்று கடைகளில் அழைக்கப்படும் பந்து மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும். இன்னொன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு. இதுவும் மண்ணுக்கும் சருகுக்கும் அடியில் புகுந்துகொள்ள விரும்பும் பிராணி. இரண்டுக்குமே விஷம் இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்குபவை இவை.

விழுங்கும்போது பாம்பின் தாடை கழன்றுவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். தாடை கழல்வதில்லை. கீழ்த்தாடையின் இடது, வலது பகுதிகள் முன்புறத்தில் எலும்பாக ஒட்டியிருக்காமல், நீளக்கூடிய தசைநாரால் இணைந்திருக்கின்றன. ஆகவே இரு பகுதிகளும் தனித்தனியாக நகரும். பின்னோக்கி வளைந்த பற்களால் ஒரு பக்கம் இரையைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் முன்னே நகர்ந்து பிடிக்கும். இப்படி மாறி மாறி நகர்ந்து, பாம்பு தன் தலையையே இரையின் மேல் ‘நடத்தி’ச் செல்கிறது. அந்த நேரத்தில் மூச்சு முட்டாமல் இருக்க, மூச்சுக்குழலின் வாயை முன்னுக்கு நீட்டிக்கொள்கிறது.

உதிரி விரிப்பு வாய்க்குள் நுழைவது இந்த நேரத்தில்தான். இரையின் ரோமம் ஈரமாக இருந்தால் நார்த்தூளும் மரச்சீவலும் அதில் அப்பிக்கொள்ளும். உள்ளே போகும் அளவு சிறிதாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. பாம்பின் வயிற்று அமிலம் எலும்பைக்கூடக் கரைத்துவிடும். ரோமத்தை அதனால் செரிக்க முடியாது; அது கழிவோடு வெளியேறும். மரத்தூளும் நாரும் அப்படித்தான். நன்றாக நீர் அருந்தி, சரியான வெப்பத்தில் இருக்கும் ஆரோக்கியமான பாம்பு, இரண்டு மூன்று சிறு துணுக்குகளை விழுங்கினால் அவையும் கழிவோடு போய்விடும்.

ஆபத்து எப்போது வருகிறது?

சில நிலைமைகள் ஒன்றுசேரும்போது குடலடைப்பு வரலாம். பாம்புக்கு நீர்ச்சத்து குறைந்திருப்பது, தொட்டி குளிர்ந்திருப்பது, பாம்பு ஏற்கெனவே நோயுற்றிருப்பது, குட்டியாக இருப்பது, விழுங்கிய துண்டு உடலளவுக்குப் பெரிதாக இருப்பது, ஒவ்வொரு முறையும் நிறைய விரிப்பு உள்ளே போவது ஆகியவை அந்த நிலைமைகள்.

இவற்றில் வெப்பத்தைத்தான் நாம் அதிகம் அலட்சியம் செய்கிறோம். மலேசியா வெப்பநாடு, இங்கே பாம்புக்கு வெப்பமூட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சுற்றுப்புறத்திலிருந்து பெறுகிறது. பந்து மலைப்பாம்புக்குத் தொட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வரையும் இருக்க வேண்டும். நாமோ தொட்டியை அறைக்குள் வைத்துவிட்டு, இரவில் குளிர்சாதனத்தை 20 டிகிரிக்குத் திருப்பிவிட்டுத் தூங்குகிறோம். அந்தக் குளிரில் செரிமானம் மந்தமாகிறது. வயிற்றில் கிடக்கும் எலி செரிப்பதற்குப் பதிலாக அழுகத் தொடங்குகிறது. பாம்பு அதை வெளியே கக்குகிறது.

என் வகுப்புத் தோழர் ஒருவரின் சோளப் பாம்புக்கு இப்படித்தான் நேர்ந்தது. மூன்று முறை இரையைக் கக்கிவிட்டது. கக்கியதில் சில மரச்சீவல்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, காரணம் மரச்சீவல்தான் என்று அவர் முடிவு செய்தார். விரிப்பை முழுதாக அகற்றிவிட்டு நாளிதழ்த் தாளை விரித்தார். அடுத்த முறையும் பாம்பு கக்கியது. போதாக்குறைக்கு, புகுந்துகொள்ள இடமில்லாமல் இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பிராணி மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “இரவில் அறையில் குளிர்சாதனம் ஓடுகிறதா?” என்பது. இரண்டாவது கேள்வி, “சாப்பிட்ட பிறகு பாம்பைத் தூக்குகிறீர்களா?” என்பது. இரண்டுக்கும் பதில் ‘ஆம்’தான். ஒவ்வொரு முறையும் தனிப் பெட்டியில் இரை கொடுத்துவிட்டு, சாப்பிட்ட உடனேயே பாம்பைத் தூக்கித் தொட்டிக்குள் விடுவது அவர் வழக்கம். தரையின் மேல் விழுந்த பழி உண்மையான காரணத்தை மாதக்கணக்கில் மறைத்துவிட்டது.

தனிப் பெட்டி நல்ல தீர்வா?

உதிரி விரிப்புக்குப் பயந்தவர்கள் அதிகம் கையாளும் வழி இந்தத் தனிப் பெட்டிதான். ‘தொட்டிக்குள்ளேயே இரை கொடுத்தால் பாம்பு நம் கையையும் இரை என்று நினைத்துக் கடிக்கும்’ என்ற காரணமும் சொல்லப்படுகிறது.

பாம்பின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். தனக்குப் பழகிய வாசனை உள்ள, ஒளிந்துகொள்ள இடமுள்ள தொட்டியிலிருந்து அதை எடுத்து, ஒன்றுமில்லாத பெட்டியில் போடுகிறோம். கூச்ச சுபாவமுள்ள பந்து மலைப்பாம்பு இந்தக் கலவரத்திலேயே சாப்பிட மறுத்துவிடும். சாப்பிட்டுவிட்டாலும், வேட்டை உணர்வு அடங்காத நிலையில் அதன் அருகே கையைக் கொண்டுபோகிறோம். கடிபட வாய்ப்பு அதிகமுள்ள நேரம் அது.

உடலுக்குள் நடப்பதும் சாதாரண வேலையல்ல. மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கியபின் அதன் குடலும் கல்லீரலும் பருக்கின்றன. பர்மிய மலைப்பாம்பின் இதயத் தசை, இரை உண்ட 48 மணி நேரத்துக்குள் 40 விழுக்காடு வரை கூடுகிறது என்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உடல் முழுவதும் செரிமானத்துக்காக உழைக்கும் இந்த நேரத்தில் பாம்பைத் தூக்கி அலைக்கழித்தால் அது இரையைக் கக்கிவிடக்கூடும். சாப்பிட்ட பாம்பைக் குறைந்தது 48 மணி நேரம் தொடாமல் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கையை இரை என்று நினைத்துக் கடிக்கும் பயத்துக்கு வேறு வழி இருக்கிறது. பாம்பைத் தூக்குவதற்கு முன்பு ஒரு கொக்கியாலோ சுருட்டிய தாளாலோ அதன் உடலை மெதுவாகத் தொடுங்கள். ‘இது சாப்பாட்டு நேரமல்ல’ என்பதைப் பாம்பு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் பாம்பின் அருகே நீட்டாதீர்கள்.

தனிப் பெட்டியோ தனி இடமோ கட்டாயம் தேவைப்படும் நிலைமை ஒன்று உண்டு. ஒரே தொட்டியில் இரண்டு பாம்புகள் இருந்தால், இரண்டும் ஒரே இரையைக் கவ்விப் பெரும் விபத்து நேரலாம். அப்படி இரண்டை ஒன்றாக வைத்திருப்பதையே தவிர்ப்பது நல்லது.

விரிப்பின் மேல் இரை கொடுக்கும் முறை

உறைய வைத்த எலியையே வாங்குங்கள். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் கண்ணையும் தோலையும் சேதப்படுத்தக்கூடும். எலியின் பருமன், பாம்பு உடலின் மிகத் தடித்த பகுதி அளவுக்கு இருந்தால் போதும்.

முதல் நாள் இரவே எலியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலையை நீக்குங்கள். குடும்பத்தார் உணவு வைக்கும் பெட்டி என்றால், மூடியுள்ள தனி டப்பா அவசியம். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் எலியைப் போட்டு, பையோடு வெந்நீரில் வையுங்கள். நேராக நீரில் போட்டால் ரோமம் நனைந்துவிடும். விரிப்பு ஒட்டிக்கொள்ள அதுவே முதற்காரணம். மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது. வெளியே வெந்தும் உள்ளே உறைந்தும் கிடக்கும். வயிற்றுப் பகுதியை அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டியாக இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். பந்து மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. அதனால் எலியின் மேற்பரப்பு 38 டிகிரி அளவில் இருந்தால் பாம்பு தயங்காமல் கவ்வும்.

வெளியே எடுத்ததும் காகிதத் துண்டால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். பாதி ஆபத்து இந்த அரை நிமிட வேலையில் நீங்கிவிடும்.

பிறகு நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து, விரிப்பில் படாதவாறு நீட்டுங்கள். பாம்பு வழக்கமாகத் தலை நீட்டும் இடத்துக்குக் கீழே ஒரு தட்டையான கல், தரை ஓடு அல்லது சற்று அகலமான தட்டை வைத்துவிடுங்கள். பாம்பு கவ்வியதும் சுருண்டு உருளும். சில நேரம் இரையைத் தன் மறைவிடத்துக்கு இழுத்துச் செல்லும். அப்போது ஒன்றிரண்டு துணுக்குகள் ஒட்டத்தான் செய்யும். பதறிப்போய் இரையைப் பிடுங்காதீர்கள். வாயருகே விரலை விடாதீர்கள். பாம்பு பயந்து இரையை விட்டுவிட்டால், அதை எடுத்துத் தட்டி, மறுபடி இடுக்கியால் கொடுக்கலாம்.

விழுங்கி முடித்தபின் பாம்பு வாயை அகலத் திறந்து மூடும். முகத்தைக் கல்லில் தேய்க்கும். தாடையைச் சரிசெய்வதும் ஒட்டியதைத் தள்ளுவதும் அதற்குத் தெரியும். தொட்டியில் எப்போதும் சுத்தமான நீர் இருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். எலியும் பாம்பும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. இடுக்கியையும் கிண்ணத்தையும் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள்.

எதைப் பரப்பலாம்?

நமது வானிலைக்குத் தேங்காய் நார்த்தூளும் நார்த்துண்டுகளும் பொருத்தமானவை. எளிதில் கிடைக்கின்றன, ஈரப்பதத்தைத் தாங்குகின்றன, பந்து மலைப்பாம்புக்கு ஏற்றவை. செடி விற்கும் கடையில் வாங்கினால் உரம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். தூள் கைக்கு ஈரமாகத் தெரியலாம். சொதசொதவென்று இருக்கக் கூடாது. எப்போதும் நனைந்த தரையில் கிடந்தால் பாம்பின் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும்.

ஆஸ்பென் மரச்சீவல் சோளப் பாம்புக்கு நல்லது. வளை அமைத்துப் புகுந்துகொள்ளும். ஆனால் நம் காற்றின் ஈரத்தில் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். தேவதாரு வகை மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் பாம்பின் சுவாசத்துக்குக் கேடு. மரவேலைக் கடையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளில் பசையும் ரசாயனமும் இருக்கலாம். அரைத்த சோளத்தண்டும், கட்டியாகும் பூனை மணலும் ஈரம் பட்டால் ஊதிப் பெருகுபவை. அவை தொட்டிக்குள் வேண்டாம்.

நாளிதழோ காகிதத் துண்டோ தவறான தேர்வல்ல. புதிதாக வந்த பாம்பு, நோயுற்ற பாம்பு, கழிவைக் கவனித்துப் பார்க்க வேண்டிய பாம்பு ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. ஆனால் ஆரோக்கியமான பாம்பை ஆயுள் முழுவதும் வெறும் தாளின் மேல் வைத்திருப்பது, வளையில் வாழும் உயிரை மேசைமேல் வாழச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வயிற்றின் ஓரிடம் மட்டும் கெட்டியாக வீங்கியிருப்பது, கழிவு போக முக்குவது, மீண்டும் மீண்டும் கக்குவது, சோர்ந்து கிடப்பது ஆகியவை குடலடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். வாயோரம் வீக்கம், சீழ், வடியும் எச்சில் ஆகியவை வாய்ப்புண்ணைக் காட்டும். இந்நிலையில் எண்ணெய் ஊற்றுவது, வயிற்றைப் பிசைவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பாம்பு வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். எல்லாப் பிராணி மருத்துவமனைகளிலும் அந்த வசதி இல்லை. ஒருமுறை கக்கிய பாம்புக்கு 10 முதல் 14 நாள் ஓய்வு கொடுத்து, பிறகு சிறிய இரையோடு தொடங்க வேண்டும்.

கேட்கத் தெரிந்தவர்களாக இருப்போம்

பாம்புக்குப் பால் வைக்கும் வழக்கத்தை நம்மில் பலர் கோயில்களில் பார்த்திருப்போம். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். பால் பாம்பின் உணவல்ல என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவார். ஆனால் ‘விரிப்பு கொல்லும்’, ‘தனிப் பெட்டிதான் பாதுகாப்பு’, ‘நம் ஊர் வெயிலே போதும்’ என்று கடையிலும் நண்பர்களிடமும் கேட்டதை நாம் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். பாம்பின் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் நம் பயத்தையோ வசதியையோ வைத்து அதைப் பராமரிப்பதில் பழைய வழக்கமும் புதிய வழக்கமும் ஒன்றுதான்.

நாய்க்கு வலித்தால் முனகும். பூனை பசித்தால் கத்தும். பாம்பு எதையும் சொல்லாது. குளிரால் செரிக்காமல் தவிப்பதும், ஒளிய இடமின்றி அஞ்சுவதும் வெளியே ‘சும்மா படுத்திருப்பது’ போலத்தான் தெரியும். முறையிடத் தெரியாத உயிரை வைத்திருப்பவருக்குக் கடமை கூடுதல்.

பாம்பு விற்கும் கடைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாம்போடு ஒரு மூட்டை நார்த்தூளை விற்கும்போது, இரை வைக்கும் முறையை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். வெப்பமானியும் தெர்மோஸ்டாட்டும் கூடுதல் சரக்கல்ல, அடிப்படைத் தேவை என்று சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களின் பிராணிநலச் சங்கங்களும் ஊர்வன பற்றி ஒரு பயிற்சியாவது நடத்தலாம்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் பட்டப்படிப்பு மூன்று அல்லது நான்கு ஆண்டு. நன்றாகப் பராமரிக்கப்படும் பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். விடுதி மாறும்போதும், வேலைக்காக ஊர் மாறும்போதும் அது உங்களோடு வர வேண்டும். எக்காரணம் கொண்டும் காட்டிலோ வடிகாலிலோ விடப்படக் கூடாது. அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அன்பு.

ஏற்கெனவே வளர்க்கிறீர்கள் என்றால் இன்றே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். தொட்டியின் வெப்பத்தை அளந்து பாருங்கள். அடுத்த முறை எலியைப் பையில் போட்டுச் சூடாக்கி, உலர்த்தி, இடுக்கியால் கொடுங்கள். நார்த்தூள் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.